3608528850368400786036725: இந்த எண் ஏன் 25 இலக்கத்தோடு நின்றுபோகிறது?

வாசகர் கேள்வி

3608528850368400786036725 என்ற எண் 1 முதல் 25 வரை எல்லா எண்களாலும் மீதியில்லாமல் வகுபடும், இப்படிப்பட்ட எண்களில் இதுதான் மிகப்பெரியது என்று ஒரு குறிப்பில் படித்தேன். சோதித்துப் பார்க்கலாம் என்றால் கால்குலேட்டர் கையை விரித்துவிட்டது. இது உண்மைதானா?

ஜனவரி 11

நீங்கள் எழுதியபடி பார்த்தால் உண்மை இல்லை. கடைசி இலக்கம் 5. ஒற்றைப்படை எண் 2-ஆல் எங்கே வகுபடப்போகிறது? அதோடு, "மிகப்பெரியது" என்பதற்கே இங்கே இடமில்லை. 1 முதல் 25 வரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச்சிறிய எண் 26771144400. வெறும் 11 இலக்கம்தான். அதை எதனால் பெருக்கினாலும் அதே குணம் தொடரும், எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போகலாம்.

ஆனால் அந்தக் குறிப்பு முழுக்கக் கதையும் இல்லை. சுருக்கும்போது முக்கியமான பாதி உதிர்ந்துவிட்டது. சரியான விஷயம் இதுதான்: முதல் இரண்டு இலக்கம் சேர்ந்த எண் 2-ஆல் வகுபடும். முதல் மூன்று சேர்ந்தது 3-ஆல், முதல் நான்கு 4-ஆல், இப்படியே கடைசியில் 25 இலக்கமும் சேர்ந்தது 25-ஆல். முழு எண்ணைப் பற்றி நமக்குக் கிடைக்கும் உத்தரவாதம் 25 மட்டுமே. மற்ற வாக்குறுதிகள் எல்லாம் அதன் முன்துண்டுகளுக்கு.

36, 360, 3608, 36085, 360852, 3608528, 36085288, 360852885, 3608528850. இவற்றை முறையே 2 முதல் 10 வரை வகுத்துப் பாருங்கள். 3608528 ÷ 7 = 515504. சுத்தமாகப் போகும்.

ஜனவரி 12

கால்குலேட்டர் மட்டுமில்லை, விரிதாளும் இங்கே காலை வாரும். நான் ஒட்டிப் பார்த்தபோது எண் 3608528850368400000000000 என்று ஆகிவிட்டது. விரிதாள் முதல் 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். அந்தப் போலி எண்ணைச் சோதித்துவிட்டு "தப்பு" என்று சொல்பவர்களும் உண்டு.

நிரல் எழுதுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 64 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் 18446744073709551615. நம் எண்ணின் முதல் 19 இலக்கம் அதில் அடங்கும், 20 இலக்கம் அடங்காது. பைத்தான் போல எவ்வளவு பெரிய முழு எண்ணையும் தாங்கும் மொழியில் எழுதினால் தலைவலி இல்லை.

உண்மையில் பெரிய எண்ணைத் தூக்கிச் சுமக்கவே தேவையில்லை. பள்ளிக்கூடத்து நீள் வகுத்தலே போதும். மீதியைப் பத்தால் பெருக்கு, அடுத்த இலக்கத்தைக் கூட்டு, மறுபடி மீதி எடு. ஈவு யாருக்கு வேண்டும்? 17-ஐ வைத்து இப்படி நடந்தால் மீதிகள் 3, 2, 3, 4, 11, 10, 6, 0, 5, 16, 10, 4, 14, 8, 12, 1, கடைசியாக 0. பதினேழாவது இலக்கத்தில் சரியாக வந்து இறங்குகிறது. எட்டாவது இலக்கத்திலும் ஒரு 0 இருக்கிறதே என்று கேட்டால், அது போனஸ். 36085288 என்பது 8-ஆல் மட்டுமில்லை, 17-ஆலும் வகுபடுகிறது. யாரும் கேட்காதது.

ஜனவரி 14

7, 11, 13 மூன்றுக்கும் பொதுவாக ஒரு குறுக்குவழி இருக்கிறது. 7 × 11 × 13 = 1001. அதனால் எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் போதும். முதல் 13 இலக்கத்துக்குப் பார்ப்போம்: 3,608,528,850,368. இதில் 368 − 850 + 528 − 608 + 3 = −559. 559 என்பது 13 × 43. முடிந்தது.

முதல் 14 இலக்கத்துக்கு 684 − 503 + 288 − 85 + 36 = 420, 7-ஆல் வகுபடும். கடைசி இலக்கம் 4, இரட்டைப்படை. ஆக 14 சரி. 21 இலக்கத்துக்குச் செய்தால் 1722 வருகிறது, அதாவது 7 × 246. இலக்கங்களின் கூட்டுத்தொகை 90, எனவே 3-ம் சரி.

காகிதத்தில் செய்து பாருங்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், திரையில் "ஆம்" என்று வந்து விழும்போது இந்த எண்மேல் எனக்கு எந்தப் பாசமும் வரவில்லை. 1722 வந்தபோதுதான் வந்தது.

ஜனவரி 15

"26-வது இலக்கம் சேர்த்தால் என்ன, தேடியவர்கள் சோம்பலில் நிறுத்திவிட்டார்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

சோம்பல் இல்லை. வழி அடைபட்டுவிட்டது. மேலே சொன்ன குறுக்குவழியை 25 இலக்கத்துக்கும் போட்டால் 516 வரும். 516-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி 9. எண்ணின் வாலில் ஒரு பூஜ்யம் சேர்த்தால், அதாவது பத்தால் பெருக்கினால், 13-க்கான மீதி 12 ஆகும். அந்த எண் இரட்டைப்படை, எனவே 26-ஆல் வகுத்தாலும் மீதி 12. வகுபட இன்னும் 14 கூட்ட வேண்டும். நம் கையில் இருக்கும் மிகப்பெரிய இலக்கம் 9.

14-ஐக் கூட்டியே தீருவேன் என்றால் 36085288503684007860367264 கிடைக்கும், அது 26-ஆல் வகுபடவும் செய்யும். ஆனால் கூட்டும்போது ஒன்று இடப்பக்கம் ஏறி, 25-வது இலக்கம் 5-லிருந்து 6 ஆகிவிட்டது. 26-ல் முடிகிற எண் எந்தக் காலத்திலும் 25-ஆல் வகுபடாது. புதிய படிக்கட்டு கட்டப் போய்ப் பழையது இடிந்ததுதான் மிச்சம்.

ஜனவரி 19

சரி, இது நீளாது என்று தெரிந்துவிட்டது. வேறு ஏதாவது ஒரு எண் இதைவிட நீளமாகப் போகாது என்பதற்கு என்ன உறுதி? எல்லாவற்றையும் தேடிப் பார்த்ததுதான் உறுதி. பயப்பட வேண்டாம், 25 இலக்க எண்கள் அத்தனையையும் சோதிக்கத் தேவையில்லை. ஓரிலக்க எண்கள் ஒன்பதில் தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் அடுத்த இலக்கமாக 0 முதல் 9 வரை வைத்து, பிழைப்பதை மட்டும் அடுத்த சுற்றுக்கு அனுப்பினால் போதும். பிழைத்தவை எத்தனை என்று பாருங்கள், ஓரிலக்கத்திலிருந்து வரிசையாக:

9, 45, 150, 375, 750, 1200, 1713, 2227, 2492, 2492, 2225, 2041, 1575, 1132, 770, 571, 335, 180, 90, 44, 18, 12, 6, 3, 1.

அதற்குப் பிறகு 0. மொத்தம் 20456 எண்கள். சுமார் 2 லட்சம் சோதனைகளில் முழுக் குடும்பமும் கைக்குள் வந்துவிடும். சாதாரணக் கணினிக்கு இது கண் சிமிட்டும் வேலை. இந்த இனத்துக்கு ஆங்கிலத்தில் பாலிடிவிசிபிள் எண்கள் என்று பெயர். தேட விரும்புபவர்கள் அந்தப் பெயரில் தேடலாம்.

ஜனவரி 20

மேலே உள்ள வரிசையில் 2492 இரண்டு முறை வருவது தட்டச்சுப் பிழையா என்று கேட்டவருக்கு: பிழை இல்லை. 10-ஆல் வகுபட வேண்டுமென்றால் பத்தாவது இலக்கம் 0, வேறு வழியே கிடையாது. எந்த ஒன்பது இலக்க எண்ணுக்கும் அந்த 0 தாராளமாகப் பொருந்தும். ஒருவரும் சாகவில்லை, ஒருவரும் பிறக்கவில்லை.

ஜனவரி 20, இரவு

அதை எழுதியதும் இன்னொன்று உறைத்தது. என்னைக் கேட்டால் இந்த எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் விஷயமே இதுதான்.

2-ஆல் வகுபட ஐந்து இலக்கம் பொருந்தும், 3-க்கு மூன்று அல்லது நான்கு, 9-க்கு ஒன்று அல்லது இரண்டு. அதாவது ஒன்பதாவது இடம் வரை வழி பல கிளையாகப் பிரியலாம். 11-லிருந்து பிரியவே முடியாது. ஏனென்றால் 11-ஆல் வகுபடும் இரண்டு அடுத்தடுத்த எண்களுக்கு இடையில் 11 இடைவெளி இருக்கிறது, நம்மிடம் 0 முதல் 9 வரை பத்து இலக்கம்தான். ஒன்று பொருந்தும், அல்லது ஒன்றுமே பொருந்தாது.

ஆக 3608528850 என்று முதல் பத்து இலக்கத்தை எழுதிய கணமே மீதிப் பதினைந்தும் முடிவாகிவிட்டது. தேர்வு செய்ய ஒன்றுமில்லை. 2492 எண்கள் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்குகின்றன, ஒவ்வொன்றும் தன் ஒற்றைப் பாதையில். எது எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் மிச்சம். அதில் கடைசி வரை நின்றது நம் ஆள்.

ஜனவரி 26

25 என்பது தற்செயலா? முதலில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது பாதி தற்செயல் என்றுதான் சொல்வேன்.

ஓர் இலக்கம் சேர்க்கும்போது பத்து வாய்ப்புகள் உண்டு. 7-ஆல் வகுபட வேண்டுமென்றால் தோராயமாக ஏழில் ஒன்று தேறும். எனவே ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை 10/2, 10/3, 10/4 என்று பெருகிக்கொண்டு போய், பத்தில் சமநிலைக்கு வந்து, பிறகு 10/11, 10/12 என்று சுருங்கும். இந்தத் தோராயத்தின்படி 9 இலக்க எண்கள் 2480 இருக்க வேண்டும், உண்மையில் 2492. பரவாயில்லையே.

24 இலக்கத்துக்கு இந்தக் கணிப்பு 1.45 என்று வருகிறது, 25-க்கு 0.58, 26-க்கு 0.22. அதாவது இருபத்தைந்தை ஒட்டி இனம் அழியும் என்பது வகுத்தல் செய்யாமலே தெரிகிறது. குறிப்பாக 25-ல் ஒன்றே ஒன்று தப்பியது அதிர்ஷ்டம். 40 இலக்கத்தில் ஒன்று தப்பியிருந்தால்தான் வாயைப் பிளந்திருக்க வேண்டும்.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறு. கணிப்புகள் எல்லாவற்றையும் கூட்டினால் அந்தத் தொடர் ஆய்லரின் எண்ணாகிய 2.71828-இன் பத்தாம் மடியில் போய் நிற்கிறது. அந்த மடியிலிருந்து 1 கழித்து 9/10-ஆல் பெருக்கினால் சுமார் 19823. உண்மையான மொத்தம் 20456. வித்தியாசம் மூன்று சதவீதம் அளவுக்குத்தான். வகுத்தலும் பத்து இலக்கங்களும் மட்டும் இருக்கிற விளையாட்டில் ஆய்லரின் எண் எங்கிருந்து நுழைந்தது என்று சற்றுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 1×2×3×… என்று பெருகும் எண்கள் கீழே வந்து நிற்கும் இடத்தில் எல்லாம் அது தலைகாட்டும் என்று தெரிந்தும்கூட.

ஜனவரி 27

கணிப்பு எங்கே முதலில் பிசகுகிறது என்று ஒரு கேள்வி. ஆறாவது இலக்கத்தில். 750 × 10/6 = 1250 வர வேண்டும், வருவது 1200. காரணம், ஆறாவது இலக்கம் இரட்டைப்படையாக இருக்க வேண்டும், 4, 5, 6-வது இலக்கங்களின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபடவும் வேண்டும். நான்காவது இலக்கமோ மூன்றாவது இரட்டையா ஒற்றையா என்பதைப் பொறுத்து ஏற்கெனவே கட்டுப்பட்டிருக்கிறது. மூன்றாவது இரட்டை என்றால் அங்கிருந்து 10 வழி, ஒற்றை என்றால் 6 வழி. மூன்றிலக்க எண்கள் 150-இல் பாதிக்குப் பாதி. 75 × 10 + 75 × 6 = 1200. சமவாய்ப்பு என்று நாம் வைத்துக்கொண்டது நம் வசதிக்காக, இலக்கங்களுக்கு அதெல்லாம் தெரியாது.

பிப்ரவரி 2

24 இலக்கம் வரை வந்த மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்த்தேன்:

144408645048225636603816
360852885036840078603672
402852168072900828009216

25-ஆல் வகுபடும் எண் 00, 25, 50, 75 இவற்றில் ஒன்றில் முடிய வேண்டும். முதல் எண்ணும் மூன்றாவதும் 6-ல் முடிகின்றன. அடுத்து எதைச் சேர்த்தாலும் அறுபது சொச்சம்தான் வரும், கதை முடிந்தது. நடுவில் உள்ளது மட்டும் 2-ல் முடிகிறது. ஒரு 5 சேர்த்தால் 25.

24-வது இலக்கம் இரட்டைப்படையாகத்தான் இருக்கும். அதில் 0-க்கும் 2-க்கும் மட்டுமே கதவு திறக்கும், 4, 6, 8-க்குத் திறக்காது. ஐந்தில் இரண்டு. ஜனவரியில் பாதி தற்செயல் என்று எழுதியதை இப்போது பார்த்தால், கடைசிப் படியைப் பொறுத்தவரை அந்தத் தற்செயல் ஓர் ஒற்றை இலக்கத்தில் அடங்கிவிடுகிறது.

பிப்ரவரி 3

"இதனால் என்ன பயன்?" என்று கேட்டவருக்கு: ஒன்றும் இல்லை. அடுத்த கேள்வி.

பிப்ரவரி 9

எப்போதும் கிடைக்கிற மிகச்சிறிய இலக்கத்தையே எடுத்துக்கொண்டு போனால் எங்கே போய்ச் சேருவோம்? 1, 10, 102, 1020, 10200, 102000, 1020005, 10200056, 102000564, 1020005640, 10200056405. அங்கே நின்றுவிடும். 12-ஆல் வகுபட 52 அல்லது 56-ல் முடிய வேண்டும், ஆனால் இலக்கங்களின் கூட்டுத்தொகை இரண்டுக்கும் ஒத்துவராது.

பேராசைக்காரனாக எப்போதும் மிகப்பெரிய இலக்கத்தை எடுத்தால்? 9, 98, 987, 9876, 98765, 987654 என்று அழகாகத் தொடங்கி, பிறகு 9876545, 98765456, 987654564, 9876545640, 98765456405. இதுவும் 11-ல் நிற்கிறது.

இரண்டின் வாலையும் கவனித்தீர்களா? 102000 56405. 987654 56405. கஞ்சனும் பேராசைக்காரனும் ஒரே வாலோடு, ஒரே இடத்தில், ஒரே காரணத்தால் சாகிறார்கள்.

பிப்ரவரி 10

நேற்றைய வால் ஒற்றுமைக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். 987654-இலிருந்து 102000-ஐக் கழித்தால் 885654. இது 693 × 1278. 693 என்பது 7 × 9 × 11. இரண்டு தலைகளும் 7, 9, 11 மூன்றின் கண்ணுக்கும் ஒரே ஆளாகத் தெரிகின்றன, எனவே அவை கேட்கும் இலக்கங்களும் ஒன்றே. 8-க்குக் கடைசி மூன்று இலக்கம் போதும். 056, 456 இரண்டுக்கும் வித்தியாசம் 400, அது 8-ஆல் வகுபடும். 10-க்கு எப்படியும் 0. 12-க்கு வேண்டிய 3, 4 இரண்டும் இதற்குள்ளேயே அடக்கம். தற்செயலான உறவு, ஆனால் உறவு வந்த பிறகு நடப்பது எதுவும் தற்செயல் இல்லை.

பிப்ரவரி 16

இந்தக் குடும்பத்தில் பெரிய எண்ணைவிடச் சின்ன எண் ஒன்றுதான் புதிர்ப் பிரியர்களிடம் புகழ் பெற்றது: 381654729. 1 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கமும் ஒரே ஒரு முறை வந்து, இதே விதிக்கும் கட்டுப்படும் ஒரே எண். கணினி வேண்டாம், காகிதமே போதும். செய்து காட்டுகிறேன்.

ஐந்தாவது 5. இரட்டை இடங்களில் 2, 4, 6, 8, ஒற்றை இடங்களில் 1, 3, 7, 9. நான்காவது இலக்கம் ஓர் ஒற்றை இலக்கத்தைத் தொடர்ந்து வந்து 4-ஆல் வகுபட வேண்டும், எனவே 2 அல்லது 6. எட்டாவதுக்கும் அதே நிலைமை, 2 அல்லது 6. அப்படியானால் இரண்டாவதும் ஆறாவதும் 4, 8. நான்கு, ஐந்து, ஆறாவது இலக்கங்களின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபட வேண்டும், அதனால் நடுவில் 258 அல்லது 654. அவ்வளவுதான், எண்ணுக்கு இரண்டே அச்சு: _4_258_6_ அல்லது _8_654_2_.

மிச்ச ஒற்றை இலக்கங்களை 3, 8 விதிகளை வைத்து நிரப்பினால் பத்து எண்கள் தேறும். அந்தப் பத்தையும் 7-க்கு முன்னால் நிறுத்தினால் ஒன்பது விழுந்துவிடும், 381654729 மட்டும் நிற்கும். 3816547 = 7 × 545221. ஒன்பதாவது படியைச் சோதிக்கவே வேண்டாம், 1 முதல் 9 வரை கூட்டினால் 45, எப்படி அடுக்கினாலும் 9-ஆல் வகுபடும்.

விழுந்த ஒன்பதில் ஒன்று யார் தெரியுமா? சாட்சாத் 987654321. 7-ல் மீதி 5. மற்றொன்று 147258963. தொலைபேசியின் எண் பலகையை எடுத்து இதை அழுத்திப் பாருங்கள்: முதல் வரிசையில் மேலிருந்து கீழ், நடு வரிசையில் மேலிருந்து கீழ், கடைசியில் கீழிருந்து மேல். அந்த எண்ணும் 7 என்ற ஒரே தடையில்தான் தடுக்கி விழுந்தது, மீதி 6. இதைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோஷம் எந்தக் கணக்குக்கும் அடங்காது.

பிப்ரவரி 17

381654729-ஐ நீட்டினால் பெரிய எண் வரை போகுமா என்று கேட்டிருக்கிறார்கள். போகாது. பத்தாவது 0, அதற்குப் பிறகு வழி ஒன்றுதான்: 6, 0, 8. அப்படியே 3816547290608 வரை, 13 இலக்கம். 14-ல் 7-க்குத் தேவை 5, 2-க்குத் தேவை இரட்டைப்படை. இரண்டையும் திருப்தி செய்யும் "இலக்கம்" 12. இல்லாத இலக்கத்தைக் கேட்டே இந்த எண்கள் எல்லாம் உயிரை விடுகின்றன.

பிப்ரவரி 23

பத்து என்ற அடிமானத்தை (எத்தனை இலக்கங்களை வைத்து எண்களை எழுதுகிறோம் என்பதை; நமக்கு 0 முதல் 9 வரை பத்து) விட்டு வெளியே போனால்?

அடிமானம் ஒற்றைப்படையாக இருந்தால் 381654729-க்கு உறவினரே கிடையாது. இதற்கு நிரூபணம் இரண்டு வரிதான். அடிமானம் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 6 வரை இலக்கங்கள், கூட்டுத்தொகை 21. நமக்கு 9 எப்படியோ, அடிமானம் 7-க்கு 6 அப்படி: எண் 6-ஆல் வகுபட இலக்கங்களின் கூட்டுத்தொகை 6-ஆல் வகுபட வேண்டும். 21 வகுபடாது. எந்த வரிசையில் அடுக்கினாலும் கூட்டுத்தொகை மாறப்போவதில்லை, கடை சாத்தியாகிவிட்டது. மற்ற ஒற்றை அடிமானங்களிலும் இதே கதி. இரட்டை அடிமானத்தில் இந்தத் தடை எழாது.

அடிமானம் 4-ல் இரண்டு உண்டு, 123-ம் 321-ம். அடிமானம் 6-ல் 14325, 54321. இரண்டாவதைப் பாருங்கள், பத்தில் 987654321 தவறவிட்டதை அதன் ஆறாம் அடிமானத்துத் தம்பி சாதித்துவிட்டான். 14325-ஐச் சரிபார்க்க விரும்புவோருக்கு: 14, 143, 1432, 14325 ஆகியவை நம் வழக்கமான கணக்கில் 10, 63, 380, 2285. முறையே 2, 3, 4, 5-ஆல் வகுபடுகின்றன.

மார்ச் 2

வகுபடுவதற்குப் பதிலாக முன்துண்டு ஒவ்வொன்றும் பகா எண்ணாக இருக்க வேண்டும் என்று விதியை மாற்றினால் என்ன ஆகும்? அதுவும் தெரிந்த விஷயம்தான். 7, 73, 739, 7393, 73939, 739391, 7393913, 73939133. எல்லாம் பகா எண்கள், எட்டு இலக்கத்தோடு முடிவு. இந்த இனத்தில் மொத்தமே 83 பேர்தான். இரண்டாவது இடத்திலிருந்து சேர்க்கத்தக்க இலக்கம் 1, 3, 7, 9 நான்கு மட்டுமே என்பதால் சீக்கிரம் பட்டுப்போகிறது.

வலப்பக்கத்துக்குப் பதில் இடப்பக்கத்திலிருந்து இலக்கங்களை உதிர்த்துக்கொண்டு வந்தால், பூஜ்யத்தைச் சேர்க்காத பட்சத்தில், மிகப்பெரிய எண் 357686312646216567629137. 24 இலக்கம். இடப்பக்கம் 1 முதல் 9 வரை எதை வேண்டுமானாலும் ஒட்டிப் பார்க்கலாம், அதனால் இவ்வளவு தூரம் ஓடுகிறது. 24-ம் 25-ம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து ஏதோ ஆழமான தொடர்பு என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கும் கூட்டங்கள், முடிவு அருகருகே வந்து விழுந்திருக்கிறது.

மார்ச் 8

கடைசியாக வந்த இரண்டு கேள்விகள்.

இரட்டை இலக்கங்களை மட்டுமே வைத்து எவ்வளவு நீளம் போகலாம்? 20 இலக்கம்: 48000688208466084040. பதினேழு, பத்தொன்பது இரண்டு படிகளையும் கையால் நடந்து பார்த்தேன், சுத்தம். அடுத்த படிக்கு அது கேட்கும் இலக்கம் 20. ஆசைக்கும் ஓர் அளவு வேண்டாமா?

இடவலமாகவும் வலமிடமாகவும் ஒன்றாகப் படிக்கிற எண்? 30000600003-ஐ விட நீளமாக ஒன்றும் இல்லை. பூஜ்யமாக நிரம்பி வழிவதால் பார்க்க ஏமாற்று வேலை போலத்தான் இருக்கிறது, ஆனால் 3000060 ÷ 7 = 428580, 11-க்கும் சரி. சமச்சீர் போனாலும் பரவாயில்லை என்று நீட்டினால் 6, 6, 8 சேர்ந்து 30000600003668 வரை போகும். 15-ல் இலக்கங்களின் கூட்டுத்தொகை 0-வைச் சேர்த்தால் 32, 5-ஐச் சேர்த்தால் 37, இரண்டும் 3-க்கு ஆகாது.